சோப்புக்கு மணம் சரி, முகத்துக்கு எதற்கு?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு கிராமம். வயது 36. மகளிர் குழுவில் ஏழு பேர் சேர்ந்து இரண்டு வருடமாகக் குளியல் சோப்பும் குளியல் பொடியும் செய்து விற்கிறோம். சோப்பு பேஸை உருக்கி ரோஸ், சந்தனம், மல்லிகை சென்ட் கலக்குவது என் வேலை. மீதியாகும் சென்ட்டில் இரண்டு சொட்டைக் கற்றாழை ஜெல்லில் விட்டு முகத்துக்குப் போட்டுக்கொள்வேன். எட்டு மாதமாகக் கன்னத்தின் ஓரங்களும் நெற்றியும் கழுத்தும் சாம்பல் பூசியதுபோல் கறுத்து வருகின்றன. அரிப்பு பெரிதாக இல்லை. விரல் நுனிகள் வெடிக்கின்றன. மருந்துக் கடையில் கொடுத்த ஒரு கிரீம் பத்து நாளில் பளிச்சென்று ஆக்கியது. விட்டதும் முன்பைவிட மோசம். இது சென்ட்டால் வந்ததா? வாங்குகிறவர்கள் ‘கெமிக்கல் சென்ட் வேண்டாம், இயற்கை எண்ணெய் போடுங்க’ என்கிறார்கள். லாவெண்டர், எலுமிச்சை, பட்டை எண்ணெய் என்றால் கிலோவுக்கு எத்தனை சொட்டு? எங்கள் பொடியை நான்கு மாதக் கைக்குழந்தைக்குத் தேய்க்கலாமா? கடையில் ‘வாசனை இல்லாதது’ என்று போட்டிருப்பதை நம்பி வாங்கலாமா? பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கற்றாழை ஜெல்லில் சென்ட் விட்டு முகத்தில் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். மற்றவற்றை நிதானமாகப் பேசலாம், இதை மட்டும் நாளைக்குத் தள்ள வேண்டாம்.

ஏன் என்றால், அளவைப் பாருங்கள். கடையில் விற்கும் முகக் கிரீமில் மணப் பொருள் பொதுவாக அரை சதவீதத்துக்குள்தான் இருக்கும். 100 கிராம் கிரீமில் அரை கிராம்கூட வராது. நீங்கள் ஒரு தேக்கரண்டி ஜெல், அதாவது சுமார் 5 கிராம் எடுத்து இரண்டு சொட்டு விடுகிறீர்கள். இரண்டு சொட்டு ஏறக்குறைய 0.06 முதல் 0.1 கிராம். கணக்குப் போட்டால் ஒன்றேகால் முதல் இரண்டு சதவீதம் வருகிறது. இன்னொன்று, கற்றாழை ஜெல் என்பது பெரும்பாலும் தண்ணீர், சென்ட் என்பது எண்ணெய். விரலால் எவ்வளவு குழப்பினாலும் ஒன்றில் ஒன்று கரையாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஜெல்லுக்குள் பொடிப்பொடியாக மினுங்குவது தெரியும், அதுதான் கரையாத சென்ட். அந்தத் துளி கன்னத்தில் எங்கே உட்காருகிறதோ அங்கே தோல் வாங்குவது இரண்டு சதவீதம் இல்லை, முழு சென்ட்டை. அதுவும் சோப்புக்கென்று செய்த சென்ட், ஒரு நிமிடத்தில் கழுவிப் போய்விடும் என்ற கணக்கில் கலக்கப்பட்டது.

உங்கள் கறுப்பைப் பற்றி. மங்கு என்றால் கன்னத்தின் மேட்டிலும் மூக்கின் மேலும் மேலுதட்டிலும் பழுப்பாக, ஓரளவு கரை கட்டி இருக்கும். கர்ப்ப காலத்திலோ கருத்தடை மாத்திரையாலோ தொடங்கியிருக்கும். நீங்கள் எழுதியிருப்பது வேறு: கன்னத்தின் ஓரம், நெற்றி, கழுத்து, பழுப்பு இல்லை, சாம்பல். அரிப்பு கிட்டத்தட்ட இல்லை. இது நிறமேறிய தொடுகை ஒவ்வாமைக்குப் பொருந்துகிறது. 1970களில் ஜப்பானில் பெண்கள் பலருக்கு முகம் இப்படிக் கறுத்தபோது தேடிப் பார்த்ததில், அழகுப் பொருளில் இருந்த சாயங்களும் பென்சைல் சாலிசிலேட், யிலாங் யிலாங் எண்ணெய் போன்ற மணப் பொருள்களும் பிடிபட்டன. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் ஒவ்வாமை எப்போதும் சிவந்து கொப்புளித்துத்தான் வரும் என்று இல்லை. மேல்தோலின் அடி வரிசையை அணு அணுவாகச் சிதைத்து, அங்கிருக்கும் நிறமி கீழே இறங்கித் தேங்கிவிடும். ஆழத்தில் கிடப்பதால்தான் கறுப்பு நமக்குச் சாம்பலாகத் தெரிகிறது. ஆழத்தில் கிடப்பதால்தான் சீக்கிரம் போவதும் இல்லை. அரிப்பு இல்லாததே இதில் பெரிய தொல்லை. அரித்திருந்தால் எட்டு மாதம் போட்டிருக்க மாட்டீர்கள்.

கண்ணாடி முன்னால் நின்று ஒரு சோதனை செய்து பாருங்கள். பகல் வெளிச்சத்தில் முகவாயைத் தூக்கி அதன் அடியைப் பாருங்கள். கண்ணை மூடி மேல் இமையை வேறு ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். காதுக்குப் பின்னாலும் பாருங்கள். இந்த மூன்று இடமும் தெளிவாக இருந்து, வெயில் படும் இடம் மட்டும் கறுத்திருந்தால் வெயிலோடு சேர்ந்து வேலை செய்யும் பொருள் ஏதோ இருக்கிறது. இந்த மூன்று இடமும் சேர்ந்து கறுத்திருந்தால் காற்றில் வருவது எதுவோ படுகிறது. உங்கள் வேலையில் அதற்கு வழி உண்டு: சூடான பேஸில் சென்ட்டை ஊற்றியதும் குப்பென்று ஒரு ஆவி எழும்புமே, குனிந்து கிளறுகிறவரின் முகவாய் அடியும் இமையும்தான் அதை முதலில் வாங்கும்.

சென்ட் மேலேயே முழுப் பழியையும் போட்டுவிடவும் கூடாது. உங்கள் பக்கத்தில் சந்தேகப்பட வேறு மூன்று பேர் இருக்கிறார்கள். ஒன்று, மாங்காய். பறிப்புக் காலத்தில் காம்பிலிருந்து பீறிடும் பால் பட்டால் தோல் வெந்து கறுக்கும். இரண்டு, வரப்போரம் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம். அதன் தூள் காற்றில் வந்து முகத்திலும் கழுத்திலும் பட்டே ஒவ்வாமை தரும். சாமந்தியும் அதே குடும்பம் என்பதால் சாமந்தித் தோட்டத்தில் பூப்பறிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று இருந்தால் மற்றதும் சேர்ந்துகொள்ளும். ‘கெமோமைல்’, ‘காலெண்டுலா’ சாறு சேர்த்த கிரீம்கள் மென்மையானவை என்று விளம்பரம் வரும், அவையும் அந்தக் குடும்பம்தான். மூன்று, தலைமுடிச் சாயம். நெற்றியும் காதோரமும் கழுத்தும் கறுப்பதற்கு அதிலுள்ள பி.பி.டி. பழைய குற்றவாளி. எட்டு மாதத்துக்கு முன்னால் இந்த மூன்றில் எது உங்கள் வாழ்க்கையில் புதிதாக வந்தது என்று யோசித்து எழுதி வையுங்கள். மருத்துவர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.

பத்து நாளில் பளிச்சென்று ஆக்கிய கிரீமில் அநேகமாக ஸ்டீராய்டு இருக்கும். டியூபை எடுத்துப் பாருங்கள்: பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எதுவாவது அச்சிட்டிருந்தால் அதுதான். ஸ்டீராய்டு ஒவ்வாமையை ஆற்றவில்லை, அமுக்கி வைத்தது. அந்தப் பத்து நாளும் நீங்கள் சென்ட் ஜெல்லையும் போட்டிருப்பீர்கள், அடியில் ஒவ்வாமை நடந்துகொண்டேதான் இருந்திருக்கும். விட்டதும் அமுக்கியது எழுந்தது. முகத்தில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, முகப்பரு கிளம்பி, கிரீம் இல்லாமல் இருக்கவே முடியாத நிலை வரும். நீங்கள் பத்து நாளோடு நிறுத்திவிட்டது நல்லது. மறுபடி தொடாதீர்கள். அது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து.

தோல் மருத்துவரிடம் போகும்போது ‘ஒட்டுச் சோதனை செய்ய முடியுமா’ என்று கேளுங்கள். எந்தப் பொருள் ஒவ்வாமை தருகிறது என்று கண்டுபிடிக்கும் சோதனை அது. கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. ஒட்டுச் சோதனைக்கான மருந்து வரிசை எப்போதும் கையிருப்பில் இருக்காது என்பதால் தோல் பிரிவில் முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் எங்கே என்று அவர்களே எழுதிக் கொடுப்பார்கள். முதுகில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் மருந்து வைத்து ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள், மூன்றாம் அல்லது நான்காம் நாள் இன்னொரு முறை பார்ப்பார்கள். அந்த இரண்டாவது பார்வையைத் தவறவிடாதீர்கள், மண ஒவ்வாமை பல சமயம் தாமதமாகத்தான் தலைகாட்டும். அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது, வேர்க்கும் வேலையும் கூடாது. வரிசையில் ‘மணக் கலவை 1’ என்று ஒன்று வரும். அதில் கிராம்பில் இருக்கும் யூஜினால், பட்டையில் இருக்கும் சின்னமால், ரோஜாவில் இருக்கும் ஜெரானியால் உட்பட எட்டுப் பொருள் இருக்கும். ‘மணக் கலவை 2’, ‘பெரு பால்சம்’ என்பவையும் மணத்துக்கான சோதனைகளே. குழு பயன்படுத்தும் சென்ட் பாட்டில்களையும் எடுத்துப் போங்கள். அப்படியே ஒட்ட மாட்டார்கள், தக்கபடி நீர்க்கச் செய்து வைப்பார்கள். வீட்டில் நீங்களே பாட்டில் சென்ட்டைத் தோலில் வைத்துப் பிளாஸ்திரி ஒட்டிச் ‘சோதனை’ செய்துவிடாதீர்கள். இல்லாத ஒவ்வாமையைக்கூட அது உண்டாக்கிவிடும்.

மருத்துவரைப் பார்க்கும்வரை முகத்துக்கு மணம் என்பதே வேண்டாம். பவுடர், வாசனைத் தேங்காய் எண்ணெய், ஃபேஸ் வாஷ், தலையணை உறையில் ஒட்டியிருக்கும் துணி கண்டிஷனர், வீட்டுக்காரர் அடித்துக்கொள்ளும் ஸ்பிரே, சாமி அறையில் மூடிய கதவுக்குள் புகையும் ஊதுபத்தி எல்லாம் சேர்த்தி. முகம் கழுவ வெறும் தண்ணீர், வறட்சிக்கு மணமில்லாத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி, வெளியே போகும்போது துத்தநாக ஆக்சைடு சேர்ந்த மணமில்லாத எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன், அதற்கு மேல் முந்தானை. சன்ஸ்கிரீனை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளத்துக்கு இரண்டு கோடு எடுத்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். புதிதாகக் கறுப்பது நின்றதா என்று எட்டு வாரத்தில் தெரிந்துவிடும். ஏற்கெனவே இறங்கிய கறுப்பு வெளுக்க ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். மாதம் ஒரு முறை ஒரே ஜன்னல் பக்கம் நின்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் மனசு தளராது. தினமும் கண்ணாடி பார்த்தால் ஒன்றும் மாறாதது போலத்தான் இருக்கும்.

இனி இயற்கை எண்ணெய். வாங்குகிறவர்கள் கேட்பது புரிகிறது, ஆனால் கேள்வியே தப்பு. ஐரோப்பாவில் 2005 முதல் ஒவ்வாமை தரக்கூடிய 26 மணப் பொருள்களைப் பெயர் சொல்லி லேபிளில் எழுதச் சொன்னார்கள், 2023-இல் வந்த விதி அந்தப் பட்டியலை 80-க்கு மேல் கொண்டுபோனது. அந்த 26-ஐ எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பூவிலும் பழத்தோலிலும் பட்டையிலும் இருப்பவைதான். ரோஜாவில் ஜெரானியால், சிட்ரோனெல்லால். கிராம்பில் யூஜினால். லாவெண்டரில் லினலூல். தோலுக்கு அது செடியில் வந்ததா தொட்டியில் வந்ததா என்று தெரியாது. செயற்கைப் பக்கமும் சுத்தம் என்று சொல்லவில்லை. ‘லில்லி ஆஃப் தி வேலி’ என்ற பூவின் வாசனைக்காக உலகம் முழுக்கப் போட்ட லைரால் என்ற செயற்கைப் பொருள் அத்தனை பேருக்கு ஒவ்வாமை தந்ததால் ஐரோப்பாவில் 2021 முதல் கடையில் வைக்கவே முடியாது. அதே வகை வாசனை தரும் லிலியால் 2022-இல் நீக்கப்பட்டது. நான் கேட்கும் கேள்விகள் வேறு: எவ்வளவு போடுகிறீர்கள், தோலில் எவ்வளவு நேரம் நிற்கிறது, எண்ணெய் எவ்வளவு பழசு.

பழசு என்பதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. புதிய லாவெண்டர் எண்ணெயில் இருக்கும் லினலூல் அவ்வளவு முரடில்லை. மூடி திறந்து காற்றுப் பட்டுப் பட்டு அது ஹைட்ரோபெராக்சைடாக மாறும்போதுதான் தோலைப் பிடிக்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெயின் லிமோனீனும் இப்படித்தான். தகரக் கூரைக்குக் கீழ், சித்திரை வெயிலில், பாதி காலியான பாட்டிலில் இருந்தால் இந்த மாற்றம் வேகமாக நடக்கும். ஆகவே பெரிய பாட்டில் வாங்கி மாதக்கணக்கில் திறந்து மூடுவதைவிட 50 மில்லி, 100 மில்லி பழுப்புக் கண்ணாடி பாட்டிலாக வாங்குங்கள். திறந்த தேதியை பாட்டிலில் எழுதுங்கள். எலுமிச்சை வகையை ஆறு மாதத்திலும் லாவெண்டரை ஒரு வருடத்திலும் முடித்துவிடுங்கள். எண்ணெயில் 0.1 சதவீதம், அதாவது 100 கிராமுக்கு 0.1 கிராம், பி.எச்.டி. (BHT) என்ற, எண்ணெய் கெடாமல் காக்கும் பொருளோ வைட்டமின் ஈயோ சேர்த்து விற்கிறார்களா என்று கேளுங்கள். சேர்ப்பது கலப்படம் இல்லை, காப்பு. மோந்து பார்த்தால் எலுமிச்சை வாசனைக்குப் பதில் பெயிண்ட் தின்னர் நெடி வந்தால் கொட்டிவிடலாம்.

நீங்கள் சொன்ன மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம். பட்டை எண்ணெய் வேண்டவே வேண்டாம். அதில் பாதிக்கு மேல் சின்னமால், தோலை உசுப்புவதில் முன்வரிசையில் நிற்கும் பொருள். கிராம்பு எண்ணெயும் அப்படியே, எழுபது சதவீதத்துக்கு மேல் யூஜினால். பட்டை கிராம்பு குழம்புக்கு. லாவெண்டர், புதிதாக இருந்தால், சோப்பில் ஒரு சதவீதம் போடலாம். எலுமிச்சையில் இரண்டு வகை உண்டு. தோலைப் பிழிந்து எடுத்ததில் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுட்டுக் கறுக்க வைக்கும் சோரலின் வகைப் பொருள்கள் இருக்கும், ஆவியில் வடித்ததில் அவை கிட்டத்தட்ட வராது. பிழிந்த நாட்டு எலுமிச்சை (லைம்) எண்ணெயை உடம்பில் தங்கும் பொருளில் 0.7 சதவீதத்துக்கு மேலும், பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் எண்ணெயை 0.4 சதவீதத்துக்கு மேலும் போடக்கூடாது என்பது சர்வதேசக் கணக்கு. சோப்பு கழுவிப் போவதால் அந்தக் கட்டுப்பாடு அதற்கு இல்லை. ஆனால் எலுமிச்சை மணம் சோப்பில் நிற்காது, ஒரு மாதத்தில் ஓடிவிடும். காசு தண்டம். எலுமிச்சைப்புல் எண்ணெய் நிற்கும். அதில் முக்கால் பங்கு சிட்ரால் என்பதால் அரை சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரோஸ் எண்ணெய் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ உண்மையான ரோஜா எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கு மேல் பூ வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ‘இயற்கை ரோஸ் ஆயில்’ இயற்கையாக இருக்க வழியே இல்லை. அதை இயற்கை என்று லேபிளில் எழுதி விற்றால் பொய் உங்கள் பெயரில் போகும். இன்னொன்று, ஓசூர் பக்கத்துப் பசுமைக்குடிலில் கழிக்கும் ரோஜா சும்மா கிடைக்கிறது என்று பொடியில் சேர்க்காதீர்கள். அவை பூங்கொத்துக்கு வளர்த்தவை. மணமும் இல்லை, பூச்சி மருந்து அடித்தவையும்கூட. பொடிக்கு மருந்தடிக்காத பன்னீர் ரோஜாதான்.

எத்தனை சொட்டு? சொட்டை மறந்துவிடுங்கள். ஒரு மில்லி எண்ணெய் பாட்டில் வாயையும் எண்ணெயின் கெட்டித்தன்மையையும் பொறுத்து 20 சொட்டும் ஆகும், 40-ம் ஆகும். நகைக்கடையில் பார்ப்பீர்களே, 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, அது ஒன்று வாங்குங்கள். குழுவுக்கு இதைவிட நல்ல முதலீடு இல்லை. கணக்கு எளிது: 2 கிலோ பேஸுக்கு ஒரு சதவீதம் என்றால் 20 கிராம் சென்ட், அதில் 100 கிராம் சோப்பு இருபது வரும். சின்ன ஸ்டீல் டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்கி, அதில் நிறுங்கள். பிளாஸ்டிக் கப்பில் வேண்டாம். சென்ட் பிளாஸ்டிக்கை இளக்கும், தெர்மாகோல் கப் என்றால் ஓட்டையே விழும்.

பேஸை அடுப்பிலிருந்து இறக்கி 55 முதல் 60 டிகிரிக்கு ஆறவிட்டு சென்ட் சேருங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மணத்தில் ஒரு பங்கு ஆவியாகப் போய்விடும், போகிற வழியில் முகத்திலும் படும். 50-க்குக் கீழே போனால் பேஸ் கட்ட ஆரம்பித்து சென்ட் திட்டுத் திட்டாக நிற்கும். ஒரு நிமிடம் மெதுவாகக் கிளறி அச்சில் ஊற்றுங்கள். ஒரு சதவீதத்துக்கு மணம் போதவில்லை என்றால் ஒன்றரை, அதற்கு மேல் போகாதீர்கள். மூன்றைத் தாண்டினால் சோப்பு வேர்த்ததுபோல் மேலே எண்ணெய்த் துளி பூக்கும், இளகும், நுரை குறையும். அந்த எண்ணெய்த் துளிதான் முதல் குளியலில் நேராகத் தோலில் படுவது. சந்தன சோப்பு இரண்டு வாரத்தில் பழுப்பாகிறது என்றால் பயப்பட வேண்டாம், சென்ட்டில் வெனிலின் இருக்கிறது, அவ்வளவுதான்.

சென்ட் விற்பவரிடம் ‘இஃப்ரா சான்று’ கேளுங்கள். இஃப்ரா என்பது மணப் பொருள் துறைக்கான சர்வதேச அமைப்பு, 1973 முதல் இருக்கிறது, எந்தப் பொருளில் எந்த மணம் எத்தனை சதவீதம் வரை என்று அவர்கள் வரம்பு வைத்திருக்கிறார்கள். சான்றில் பிரிவு எண்கள் வரிசையாக இருக்கும். சோப்புக்குப் பார்க்க வேண்டியது பிரிவு 9. உடம்புக் கிரீம் 5-ஏ, முகக் கிரீம் 5-பி, குழந்தைக் கிரீம் 5-டி. ஒரே சென்ட்டுக்கு 9-இல் அனுமதிக்கும் சதவீதம் தாராளமாகவும் 5-பியில் அதில் சிறு பங்காகவும் இருப்பதைப் பார்த்தால், நான் ஏன் முகத்தைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன் என்பது புரியும். சான்று இல்லை என்கிறவரிடம், ‘எல்லாத்துக்கும் போடலாம்’ என்கிறவரிடம் வாங்காதீர்கள். ஊதுபத்திக்கென்று விற்கும் எண்ணெய் மலிவாகக் கிடைக்கும், அது தோலுக்கு இல்லை.

மணம் தோலுக்கு எந்த வேலையும் செய்வதில்லை. ஈரம் காக்காது, வெளுக்காது, ஆற்றாது. பேஸின் கொழுப்பு நெடியை மறைக்கும், கையில் எடுத்ததும் வாங்க வைக்கும், குளித்து வந்தால் மனசுக்கு நன்றாக இருக்கும். மணமில்லாத சோப்பைச் சந்தையில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பதும் தெரியும். ஆகவே சோப்பில் போடுங்கள், அளந்து போடுங்கள். நாள் முழுக்க முகத்தில் தங்கும் பொருளில் அதற்கு இடம் தர எனக்கு மனம் வரவில்லை. உங்கள் குழு முகக் கிரீம், லிப் பாம் என்று விரிவாக்க நினைத்தால் மணம் இல்லாமலே செய்யுங்கள்.

குளியல் பொடிக்கு சென்ட்டே தேவையில்லை. வெட்டிவேரும் பூலாங்கிழங்கும் ஆவாரம்பூவும் தரும் மணம் போதும். பொடியில் ஊற்றிய எண்ணெய் கட்டி கட்டியாக நிற்கும், ஒரு கட்டி அக்குளில் போய் அப்பிக்கொண்டால் எரியும். உங்கள் கலவையில் கார்போக அரிசி இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டி காலத்துச் சேர்மானம்தான், ஆனால் அது சோரலினுக்குப் பேர் போன விதை. வெண்புள்ளிக்கு வெயிலோடு சேர்த்துக் கொடுப்பதே அது தோலைக் கறுக்க வைக்கும் என்பதால்தான். தேய்த்துக் குளித்துவிட்டு காலை எட்டு மணிக்கு வயலில் இறங்குகிற பெண்ணுக்கு அது எதற்கு? எடுத்துவிடுங்கள். நீங்களே அந்தப் பொடியை முகத்துக்குப் போடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

நான்கு மாதக் குழந்தைக்கு வேண்டாம். தோல் மெல்லிசு, தேய்த்தால் உரசும், தூள் மூச்சில் போகும், வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்த பொடியில் கிருமி இல்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வெதுவெதுப்பான தண்ணீர், வேண்டுமானால் மணமில்லாத மென்சோப்பு, அவ்வளவே. பொட்டலத்திலேயே ‘குழந்தைகளுக்கு அல்ல’ என்று அச்சிட்டுவிட்டால் வாங்குகிறவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

கடை லேபிளில் ‘வாசனை இல்லை’ என்பதும் ‘மணப் பொருள் சேர்க்கப்படவில்லை’ என்பதும் ஒன்றல்ல. ‘அன்சென்டட்’ என்று போட்டதில் அடிநெடியை மறைக்க ஒரு மணம் போட்டிருக்கலாம், மூக்குக்குத் தெரியாது, தோலுக்குத் தெரியும். ‘ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்றிருந்தாலும் பின்பக்கம் திருப்புங்கள். பெர்ஃப்யூம், பர்ஃபம், ஃபிராக்ரன்ஸ் என்ற சொல்லோ, ‘எசென்ஷியல் ஆயில்’ என்ற சொல்லோ, லினலூல், லிமோனீன், சிட்ரோனெல்லால், ஜெரானியால் என்ற பெயரோ இருந்தால் வைத்துவிடுங்கள். ஒரு குறுக்கு வழி: ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவை கூடுதலிலிருந்து குறைவாக எழுதப்படும். பினாக்ஸிஎத்தனால் என்ற பாதுகாப்பு மருந்து ஒரு சதவீதத்தைத் தாண்டாது, அதற்குப் பின்னால் வருவதெல்லாம் ஒரு சதவீதத்துக்குள்தான். பென்சைல் ஆல்கஹால் பாதுகாப்புக்கும் போடுவார்கள், மணத்துக்கும் போடுவார்கள். ஒட்டுச் சோதனையில் மணம் பிடிபட்டால் அதையும் பார்த்து வாங்குங்கள்.

விற்பனை பற்றி ஒரு வரி: சோப்பும் பொடியும் செய்து விற்க 2020-ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். சொந்தக் கூடம் இல்லாவிட்டால் உரிமம் உள்ள கூடத்தில் செய்யும் ‘லோன் லைசென்ஸ்’ வழி இருக்கிறது. குழுவை நடத்தும் திட்ட அலுவலரிடம் இதைக் கேளுங்கள்.

கடைசியாக உங்கள் விரல்கள். சென்ட்டைக் கையில் தொட்டு, உடனே சோப்பு நீரில் அலம்பி, மறுபடி தொடுவதில்தான் நுனி வெடிக்கிறது. நீல நைட்ரைல் கையுறை போடுங்கள். சென்ட் சிந்தினால் அந்தக் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டுங்கள், மெல்லிய உறை வழியே அது உள்ளே ஊறும். ராத்திரி பெட்ரோலியம் ஜெல்லி தடவிப் பருத்திக் கையுறையோடு தூங்குங்கள். ஆனால் ஒட்டுச் சோதனையில் மண ஒவ்வாமை என்று வந்துவிட்டால் கையுறை போதாது. உடம்பு அதை ஒரு முறை அடையாளம் கண்டுகொண்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் மறப்பதில்லை. கலக்கும் வேலையை ஏழு பேரில் வேறொருவர் எடுத்துக்கொள்ளட்டும், ஜன்னல் திறந்த அறையில், முகத்தைத் தள்ளி வைத்து, நீளக் கரண்டியோடு. நீங்கள் அச்சு கழற்றி, ஆறிய சோப்பைச் சுற்றி, லேபிள் ஒட்டும் பக்கம் வாருங்கள். அதற்கும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.